சோம்பு வாசனை

"திட்டும்மா! நல்லாத் திட்டு!"

"மாட்டேன்னா மாட்டேன். என் வாயால எப்படிடி..."

"வாயாலதாம்மா திட்டணும். வேற எதால திட்டுவ?"

"பல்லைக் காட்டாத! எண்ணெய் காயுது, வடையத் தட்டு மொதல்ல!"

கோலசிலாங்கூர் பஸ் நிலையத்து ஒட்டுக்கடையில், கொதிக்கும் சட்டிக்கு இந்தப் பக்கம் அம்சவள்ளி, அந்தப் பக்கம் அவள் மகள் கங்கா. கேட்டவர்களுக்கெல்லாம் 'அக்கரைத் தோட்டத்து ஆபீஸ்ல வேலை' என்பாள் கங்கா. வேலை விட்டு வந்த கையோடு அம்மாவுக்கு மசால் வடை தட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சிறு வியாபாரிகள் சங்கக் கூட்டம். ஒட்டுக்கடைகளையெல்லாம் மீன் சந்தைக்குப் பின்னால் தள்ளப்போவதாக ஊரில் பேச்சு. அங்கே போனால் வடை வாங்கப் பூனைதான் வரும். அதை முடிவு செய்யும் குழுவில் வியாபாரிகளுக்கென்று ஒரே ஒரு நாற்காலி. அதற்கு இரண்டு பேர் போட்டி: அம்சவள்ளியும், கடைத்தெருவில் பெரிய மளிகைக்கடை வைத்திருக்கும் தங்கராஜுவும்.

"அவருக்கு ஒட்டுக்கடை இருந்தா என்ன, போனா என்ன? நீதாம்மா அங்க போய் உக்காரணும். இங்க கடை போட்டிருக்கிற பொம்பளைங்கள்ல முக்காவாசிப் பேரு உன்னோட தூள் ஊதுனவங்கதானே?"

அது உண்மைதான். எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையின் பெண் பூக்களுக்குக் கையால் மகரந்தத் தூள் ஊதுவதுதான் அவர்கள் எல்லாருக்கும் வேலையாக இருந்தது. எண்பத்திரண்டில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பொடி வண்டு ஒன்றைத் தோட்டங்களில் விட்டார்கள். ஊதுகிற வேலையை வண்டு எடுத்துக்கொண்டது. பெண்கள் கரண்டி பிடித்தார்கள்.

"அந்த வண்டைக் கொண்டாந்து விட்ட பொண்ணை நீ திட்டலன்னா தங்கராஜு திட்டுவாரு. ஓட்டுக்குத் தூக்குற கையெல்லாம் அவரு பக்கம் போயிரும்."

"அந்தப் பொண்ணு என்னடி பாவம் பண்ணுச்சு? அது படிச்ச படிப்பு அப்படி. ஆம்பளைங்க ஏறப் பயப்படுற ஏணியில ஏறி, மழைக்கு பிளாஸ்டிக்கைப் போத்திக்கிட்டு, பூவுக்குப் பூ வண்டை எண்ணிக்கிட்டுக் கிடந்தா. 'இந்தப் பொண்ணு ஒரு மாசம் தாங்காது லா'ன்னு சொன்ன தோட்டத்துப் பெரிய ஐயா, இப்ப அவளைக் கேக்காம ஒரு கன்னு நடுறதில்லையாம்."

"இதெல்லாம் சொன்னா எவளும் கை தூக்கமாட்டா. கொட்டாவிதான் விடுவா."

"அவளையும் ஒருத்தி பெத்திருப்பால்ல? காதுல விழுந்தா வயிறு எரியாது?"

"எரியாது. பெத்தவளும் சேந்து சிரிப்பா."

அம்சவள்ளி கரண்டியால் வடையைத் திருப்பிப் போட்டாள். "என்னமோ போ. நாளைக்கு வர்றப்ப குளிச்சிட்டு வந்து சேரு. மேலெல்லாம் ஒரே சோம்பு வாசனை."

"வடைக்காரி மக மேல மல்லிகைப்பூவா மணக்கும்?"

மறுநாள் கோயில் மண்டபத்தில் உட்கார இடமில்லை. காலையிலேயே எங்கோ போயிருந்த கங்கா, குளிக்க நேரமில்லாமல் ஓடிவந்து, வடைத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனாள்.

முதலில் தங்கராஜு பேசினார். நீளமாகப் பேசினார். அடுத்து அம்சவள்ளி எழுந்தாள். மைக்கைத் தொட்டதும் அது 'கீ' என்று கத்தியது.

"பாருங்க, நான் தொட்டா இதுவே அலறுது," என்றாள். மண்டபம் சிரித்தது. அதில் அவளுக்குத் தைரியம் வந்தது.

"நாம தூள் ஊதி வயித்தைக் கழுவுனவங்க. ஒரு வண்டு வந்துச்சு. நம்ம வேலைய அது சம்பளமில்லாம செய்யுது. ஓவர்டைமும் கேக்குறதில்ல. அதைக் கொண்டாந்து விட்டவ ஒரு படிச்ச பொண்ணு. எனக்கு அவ மேல கோவம்தான்! 'இவங்க பொழப்பு என்னாகும்'னு ஒரு வார்த்தை கேட்டாளா அவ? ஐயாமாருதான் கேட்டாங்களா? ஏன் கேக்கல? அந்த மேசையில நம்மாளு ஒருத்தர்கூட உக்காந்திருக்கல! இப்ப கடையத் தள்றப்பவும் நம்மாளு இல்லன்னா, மீன் செதிலுக்கு நடுவுலதான் நாம வடை சுடணும்!"

விசில் பறந்தது. யாரோ நாற்காலியைத் தட்டினார்கள்.

சங்கத் தலைவர் நாராயணசாமி, "அம்சவள்ளிக்குக் கை தூக்குறவங்க..." என்று முடிப்பதற்குள் மண்டபம் முழுக்கக் கைகள்.

"இருங்க, இருங்க!" தங்கராஜு துள்ளி எழுந்தார். "கோவமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொண்ணு யாரு? அவ பேரைச் சொல்லச் சொல்லுங்க பாப்போம்!"

அம்சவள்ளியின் முகம் வெளிறிப்போனது. ஆனால் தூக்கிய கை ஒன்றுகூட இறங்கவில்லை.

புட்டுக்கடை புஷ்பவள்ளிதான் முதலில் களுக்கென்று சிரித்தாள்.

"அட போங்கண்ணே! செம்பனையோட ஆண் பூவுக்குள்ள தலைய விட்டவங்க மேலதான் இந்தச் சோம்பு வாசனை அடிக்கும். எத்தனை வருசம் அதுல நின்னவங்க நாங்க, எங்களுக்குத் தெரியாதா?"

தூக்கிய கையோடு அத்தனை பேரும் பின்பக்கம் திரும்பினார்கள். அங்கே வடைத் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றிருந்தாள் கங்கா.

அம்சவள்ளி மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்தாள்.

"ஏண்டி கங்கா, நான் உன்னைத் திட்டுனது போதுமா, இன்னும் கொஞ்சம் திட்டணுமா?"