வாசலில் வேப்பிலை

என் கன்னம் வெங்காயச் சருகு போல உரிந்துகொண்டிருந்தது.

தோலை இழுக்கக்கூடாது என்று பாண்டிச்சேரி கிளினிக்கில் தாளில் எழுதியே கொடுத்திருந்தார்கள். தேய்க்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது, வெயில் படக்கூடாது. செஞ்சியில் பாறையே அனல் வீசுகிறது, வெயிலுக்கு எங்கே போய் ஒளிவது?

நேற்று இழுத்துவிட்டேன். புத்தி எங்கே போயிற்றோ.

இழுத்த இடம் சிவந்து எரிந்தது. பச்சைத் தண்ணீரில் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி, களிம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு வல்லத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வருகிறார்கள்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பெண் லட்சணம்தான், இன்னும் கொஞ்சம் நிறம் வந்தால் போதும் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன திங்கட்கிழமை, பல் வலி என்று நைனாவிடம் பொய் சொல்லிவிட்டுப் பாண்டிக்கு பஸ் ஏறினேன். மேல்தோலை உரிக்கிற மருந்தைப் பூசிக்கொண்டு வந்தேன்.

இன்று காலை நைனா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கொல்லைக்குப் போய் வேப்பங்கொத்து ஒடித்து வந்து வாசல் நிலையில் சொருகினார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மை என்று நினைத்துவிட்டார்.

"நைனா, இது அம்மை இல்ல. கிரீம் ஒத்துக்கல, அவ்ளோதான்."

காதில் போட்டுக்கொள்ளாமல் வல்லத்துக்கு போன் செய்தார்.

"பொண்ணுக்கு அம்மை போட்டிருக்குது. மூணு தண்ணி ஊத்தி முடியட்டும், நானே சொல்றேன்."

மாப்பிள்ளையின் அம்மா அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிறவர். வேப்பிலை சொருகிய வாசலை அவர் மிதிக்கமாட்டார். எதிர்வீட்டு ஆண்டாள் அக்காவே தெருவில் நின்றபடி கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அம்மை போட்ட வீட்டில் மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை கவிச்சி கிடையாது, தாளிப்பு கிடையாது. அம்மா செத்ததிலிருந்து எங்கள் வீட்டில் சமையல் நைனாதான். எனக்குப் பத்து வயதில் நிஜமாகவே அம்மை போட்டபோது பதினோரு நாள் மோர்ச்சோறுதான் போட்டார். அவரும் அதையேதான் சாப்பிட்டார்.

உள்ளே போய்ப் படுத்தேன். இந்த மனுஷனுக்கு அம்மைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கியதும் சுரீரென்று எரிந்தது. அழக்கூட வழியில்லாத முகம்.

மறுபடி களிம்பு தடவலாமென்று பையைத் துழாவினேன். களிம்பு இருந்தது. கிளினிக் தாளைக் காணவில்லை.

அப்போது சமையலறையில் கடுகு வெடித்தது.

எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். வாசனை தெருவுக்குப் போகாமலிருக்க ஜன்னலை இறுகச் சாத்திவிட்டு, நைனா கருவாட்டுக் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். மேடையில் அவருடைய மூக்குக் கண்ணாடி இருந்தது. அதற்கடியில் என் தாள், நான்காக மடித்தபடி.

அவர் திரும்பவில்லை.

"அடுப்பாண்ட வராத. அனல் படக்கூடாதுன்னு போட்டிருக்குது."