பச்சை பீஸ்

டமார் என்று சத்தம்.

பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "விழுந்துடுச்சா?" என்றான்.

"விழுந்துடுச்சு தம்பி. கை நழுவிடுச்சு" என்றாள் தட்டு தூக்கும் அக்கா.

நாற்பது பல்சக்கரம். தையல் மெஷினுக்குள் போகிற சாமான். இரும்புத் தூளை அச்சில் நிரப்பி, அழுத்தி, ஒவ்வொன்றாக வெளியே தள்ளி அவன் அடுக்கி வைத்தது. ஃபர்னஸில் வேகிற வரைக்கும் அதற்குப் பச்சை பீஸ் என்று பெயர். பிஸ்கட் மாதிரி, கீழே விழுந்தால் அவ்வளவுதான்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அக்கா கையிலிருந்து நழுவுகிற தட்டு தரையில் விழவே விழாது. ஃபர்னஸுக்குப் போகிற வழியில் இருக்கிற டிரம்முக்குள்தான் விழும். உடைந்த பச்சை பீஸை மறுபடி தூளாக்குகிற டிரம் அது. என்ன ராசியோ!

"ஆறு மாசத்துல இது பதினாலாவது தட்டுக்கா."

"பதிமூணு" என்றாள் அக்கா.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை நிரந்தரமாகப் போகிற நாள் இன்றைக்கு. வீட்டில் கைக்குழந்தை. மனைவி அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். இந்த நேரத்தில் தட்டு குறைந்தால் திட்டு யாருக்கு? நேரே போய் மேனேஜரிடம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டான்.

மேனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"ஏம்மா, இவர் தட்டு மட்டும் ஏன் விழுது?"

"கை நழுவுது சார்."

"மத்தவங்க யாரும் புகார் சொல்லலையே?"

"தெரியல சார்."

இப்படிப் பதில் சொன்னால் மேனேஜர்தான் என்ன செய்வார்? அக்காவைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். அங்கே சம்பளமும் கம்மி. அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

"இனிமே உன் தட்டை நீயே தூக்கு. சாயங்காலம் வா, நிரந்தர ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்" என்றார் அவனிடம். "ஆறு மாசத்துல ஃபர்னஸ்ல இருந்து ஒரு பீஸ்கூடக் கழிவு வரல. நல்ல கைப்பா உனக்கு."

அந்த நல்ல கை மதியத்துக்குள் மூன்று தட்டு தூக்கிக்கொண்டு போனது. ஒன்றும் நழுவவில்லை.

சாயங்காலம் ஃபர்னஸ்காரர் கூப்பிட்டார். வெந்து வந்த பல்சக்கரங்களைத் தனியே எடுத்து வைத்திருந்தார். எல்லாவற்றிலும் விளிம்பில் மயிரிழைக் கீறல்.

"முப்பத்திரண்டு பீஸ். அச்சுல இருந்து அவசரமாத் தள்ளியிருக்கே. பச்சையா இருக்கும்போதே பாத்திருந்தா திரும்பத் தூளாக்கியிருக்கலாம், யார் பேரும் கெட்டிருக்காது. வெந்தப்புறம் எல்லாம் உன் பேர்லதான் கழிவு. பத்தைத் தாண்டினா வேலை நிரந்தரம் கிடையாது, தெரியுமில்ல?"

"ஆறு மாசமா இப்படி வந்ததே இல்லையேண்ணே!"

"ஆறு மாசமா நீயா தூக்கிட்டு வந்தே?"

அவன் ஒரு பீஸை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தான்.

ஃபர்னஸ்காரர் குரலைத் தாழ்த்தினார். "ரிப்போர்ட் நாளைக்குத்தான் மேல போகும். அதுக்குள்ள போய்க் கையெழுத்து வாங்கிடு."

அவன் பேக்கிங்குக்குப் போனான். அக்கா அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"முதல் நாளே சொன்னேனே, விளிம்புல கீறல் இருக்குன்னு. 'தூக்கறது உங்க வேலை, பாக்கறது என் வேலை'ன்னே. சரின்னு தூக்கினேன்."

"மேல சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உன்னை அனுப்பிடுவாங்க. கைக்குழந்தைக்காரன். நழுவிடுச்சுன்னா என்னைத்தானே ரெண்டு திட்டு திட்டுவாங்க? அந்த டேப்பை எடு."

எடுத்துக் கொடுத்தான். வெட்கமாக இருந்தது.

மேனேஜர் அறையில் ஆர்டர் தயாராக இருந்தது. பேனாவைத் திறந்துவிட்டார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றான்.

ஒன்று விடாமல் சொன்னான். கீறல், டிரம், முப்பத்திரண்டு, எல்லாம். மேனேஜர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேனாவை மூடினார். ஆர்டரை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

"இன்னும் மூணு மாசம் பாப்போம். அவசரப்படாம அழுத்து."

"சரி சார். அக்காவைப் பழைய இடத்துக்கே..."

"அது எப்படி? நீ கையெழுத்துப் போட்ட புகார் என் மேஜைல இருக்கே. அது இருக்கிற வரைக்கும் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

புகாரைக் கையில் எடுத்தார். எழுந்தார். குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் போய் நின்று, ஒரு தடவை நிதானமாகப் படித்தார்.

"அடடா" என்றார். "கை நழுவிடுச்சு."