இன்னும் ஒரு கரண்டி

“இன்னும் ஒரே ஒரு கரண்டி மாப்ள. ஒங்களுக்குன்னே கறிக்கடையில நின்னு வாங்குன தொடைக்கறி.”

ஷேக் மைதீன் ராவுத்தர் தம் கையாலேயே பிரியாணியை அள்ளி வைத்தார். புது மருமகன் ஆசாத் தட்டின் மேல் இரண்டு கைகளையும் விரித்துத் தடுத்துப் பார்த்தான். பயனில்லை. விரலிடுக்கு வழியே ஒரு கறித்துண்டு உள்ளே போய் விழுந்தது.

“போதும் மாமா. நாலு மணிக்கு மேட்ச்சு இருக்கு.”

“அதுக்குத்தான சொல்றேன். ஓடுறதுக்குத் தெம்பு வேணாமா?”

கதவோரம் நின்ற சாபிராவுக்கு மனசு நிறைந்துவிட்டது. பந்து, பந்து என்று அலைகிற தன் வீட்டுக்காரர், அதுவும் இன்றைக்குப் போய், மருமகனை இப்படித் தாங்குகிறாரே!

பாவம் அந்த அம்மா, ராவுத்தர் கணக்கே வேறு. ஆசாத் மார்க்கையன்கோட்டை ஃபுட்பால் டீமின் ஃபார்வர்டு ஆயிற்றே. அந்த டீம்தான் இன்று உத்தமபாளையத்துக்கு வந்து மோதுகிறது. ஜெயித்தால் உத்தமபாளையம் மாவட்ட லீக்கில் முதல் டிவிஷனுக்கு ஏறும். தோற்றாலோ டிரா ஆனாலோ மார்க்கையன்கோட்டை ஏறிவிடும். வருஷா வருஷம் வாசல்வரை வந்து திரும்புகிற டீம் ராவுத்தருடையது. இந்தத் தடவையும் கைநழுவினால் அவருக்குத் தாங்காது.

போன ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டு ஊர் வாயில் மண்ணைப் போட்டவன் இதே ஆசாத்தான். அப்போது நிக்காஹ் ஆகவில்லை, வாய்விட்டுத் திட்ட முடிந்தது. இப்போது மருமகனைத் திட்ட முடியுமா? ஊட்டத்தான் முடியும். மாமனார் பரிமாறினால் புது மாப்பிள்ளை மறுக்கவும் கூடாது. விருந்து வைத்ததை யார் குற்றம் என்று சொல்லப் போகிறார்கள்?

காலையிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மைதானத்துக்கும் வீட்டுக்குமாக நடையாய் நடந்து புல்லைப் பார்த்தார், கோல் வலையைப் பார்த்தார், மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். வீட்டில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். இப்போது மணியைப் பார்ப்பதும் மாப்பிள்ளையின் வயிற்றைப் பார்ப்பதும்தான் வேலை.

தாளிச்சா வந்தது. பின்னாலேயே இனிப்புக்குப் பீர்னி வந்தது.

“அத்தா, விடுங்க அத்தா. இன்னிக்கு அவுக நல்லா ஓடணும்!” மகள் ஹுஸ்னா கெஞ்சினாள்.

“நீ சும்மா இரு ஆத்தா. மாமன் மருமகனுக்கு நடுவுல வராத.”

அப்போது தெருவில் ஹாரன் சத்தம். மஞ்சள் சட்டை போட்ட மார்க்கையன்கோட்டை டீமின் வேன் கூச்சலும் விசிலுமாக வீட்டைத் தாண்டிப் போனது. ஆசாத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பீர்னிக் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தான்.

‘எந்திரிக்கவே முடியல!’ ராவுத்தருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

மாப்பிள்ளையைச் சாப்பாட்டிலேயே விட்டுவிட்டு அவர் முன்னால் கிளம்பினார். மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. ராவுத்தர், உத்தமபாளையம் டீம் செயலாளர் சுந்தரலிங்கத்தின் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, காலை ஆட்டியபடி நகத்தைக் கடித்தார். மஞ்சள் சட்டைக்காரர்கள் இறங்கினார்கள். ஒவ்வொரு முகமாகத் தேடினார். ஆசாத் இல்லை. மறுபடியும் தேடினார். இல்லவே இல்லை!

“ஏறிட்டோம்யா! மாப்ள படுத்துட்டாரு!” சுந்தரலிங்கத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“யாரு, ஆசாத்தா? அவருக்கு என்ன ஆச்சு?”

“எல்லாம் எங் கைவண்ணம். ஒரு சட்டி பிரியாணி, தாளிச்சா, பீர்னி. மறுக்க விடலையே நான்! மனுசன் இன்னிக்கு நடந்தாலே பெருசு.”

சுந்தரலிங்கத்தின் முகம் வெளிறிப் போனது. சட்டை மாற்றும் அறைப் பக்கம் பார்த்தார். உத்தமபாளையத்துப் பையன்கள் பச்சைச் சட்டையோடு வாசலிலேயே நின்று, உள்ளே யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரெஃப்ரி விசில் ஊதியும் அவர்கள் நகரவில்லை.

“ஏன்யா பேயறைஞ்ச மாதிரி ஆயிட்ட?” என்றார் ராவுத்தர்.

“ஹுஸ்னா ஒங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?”

“என்னத்த?”

“நீங்க சந்தோசப்படணும்னுதான் மாப்ள நம்ம டீமுக்கு மாறிட்டாரு, ராவுத்தரே!”