ஏரிக்கு எந்த ரீல்?

கீழ்வீட்டு டீச்சர் பால்கனி மேஜையில் கழற்றி வைத்த தங்கச் சங்கிலி, ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் மாயமாகிவிட்டது. திருடன் படியேறி வரவில்லை. மேலேயிருந்து தூண்டில் போட்டே தூக்கியிருக்கிறார்கள்! அறுந்த தூண்டில் நரம்பும் கொக்கியும் மட்டும் பால்கனிக் கம்பியில் தொங்கின.

மேல்வீட்டு ஹெட்கிளார்க்கிடம் தூண்டில் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். இன்ஸ்பெக்டர் நேரே அவர் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்பெக்டரும் ஒரு தூண்டில் பைத்தியம் என்பது பாவம், ஹெட்கிளார்க்குக்குத் தெரியாது.

"சார், காலையில ஆறு மணிக்கே ஏரிக்குப் போயிட்டேன். மத்தியானம் மீனோடதான் வந்தேன். இவளையே கேளுங்க."

"ஆமா சார், ஞாயித்துக்கிழமைன்னா இவர் வீட்டுல தங்கவே மாட்டார்" என்றாள் மனைவி.

"நரம்பு சுத்துற ரீல் எதைக் கொண்டு போனீங்க?"

ஹெட்கிளார்க் பெருமையாக எடுத்து நீட்டினார். தேங்காய் பருமன் இருந்தது. இன்ஸ்பெக்டர் சிரித்தே விட்டார்.

"ஏங்க, இது நடுக்கடல்ல சுறா பிடிக்கிற ரீல்! ஏரிக் கெண்டைக்கு இதையா தூக்கிட்டுப் போவாங்க? அதுக்கு அலமாரியில இருக்கே, அந்தச் சின்ன ரீல்தான் சரி. இதுல கடை ஸ்டிக்கர்கூடப் பிரிக்கலை. நல்லா ரீல் விடுறீங்க! கீழே அறுந்து தொங்கினதும் சின்ன ரீல் நரம்புதான். நீங்க ஏரிக்கே போகலை. கிளம்புங்க ஸ்டேஷனுக்கு."

ஹெட்கிளார்க் கணக்குப் போட்டார். வேலையும் போகும், மானமும் போகும். மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"சார்... நான் எங்க அக்கா வீட்டுல இருந்தேன். மூணு வருஷமா எல்லா ஞாயிறும் அங்கதான். மீன் மார்க்கெட்ல வாங்குறது. ரீல் பெருசா இருந்தா வீட்டுல நம்புவாங்கன்னு..."

"என்னது? அவ வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணீங்களே!" மனைவி கத்திய கத்தலில் இன்ஸ்பெக்டரே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "பொய் சார், எல்லாம் பொய்! தாராளமா கூட்டிட்டுப் போங்க!"

"இருங்கம்மா, அக்கா வீட்டுலயும் விசாரிச்சுடலாம்." சொன்னதையெல்லாம் எழுதி, ஹெட்கிளார்க்கிடம் கையெழுத்து வாங்கினார். அவர் வலது கையால் போட்டார். இன்ஸ்பெக்டர் அந்தக் கையையே பார்த்தார். பிறகு சின்ன ரீலை எடுத்துத் திருப்பினார்.

"வலது கைக்காரர் தூண்டிலை வலது கையில பிடிச்சு, இடது கையால சுத்துவார். அதனால கைப்பிடி இடது பக்கம் இருக்கும். இதுல யாரோ மெனக்கெட்டு வலது பக்கம் மாத்தியிருக்காங்களே?"

"நான் அதைத் தொட்டே மூணு வருஷம் ஆச்சு சார்" என்றார் ஹெட்கிளார்க். மனைவிக்கு அது காதிலேயே ஏறவில்லை. கோபம் உச்சந்தலையில் நின்றது.

"இந்த மனுஷன் புளுகுக்கு நானே சாட்சி சார்! எங்க கையெழுத்துப் போடணும், காட்டுங்க!" என்று இன்ஸ்பெக்டரின் பேனாவை வெடுக்கென்று பிடுங்கினாள்.

இடது கையால்.