பாதிச் சாப்பாடு

குழாயடியில் கை கழுவிவிட்டு வந்த கோமளா, மலைப் பூங்காவின் புல்தரையில் வரிசையாக விரித்திருந்த ஜமுக்காளங்களில் சிவப்புக் கோடு போட்டதில் போய் உட்கார்ந்தாள். கீழே தெரிந்த ஊரின் மொட்டைமாடிகளுக்கு நடுவே தன் வீட்டுத் தண்ணீர்த்தொட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது, யாரோ கையில் தட்டைக் கொடுத்துப் புளியோதரை வைத்தார்கள். ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு முகம்கூடத் தெரிந்த முகமாக இல்லை. எழப்போனவளின் தோளை அங்கிருந்த ஒரு பெரியம்மா அழுத்தினாள்.

"பாதிச் சாப்பாட்டுல எந்திரிக்கக் கூடாது. முடிச்சிட்டுப் போம்மா."

அதுவும் சரிதான் என்று கோமளாவுக்குப் பட்டது. அவசர அவசரமாக அள்ளி விழுங்கினாள். தட்டு காலியாகப்போகும் நேரத்தில் வடை விழுந்தது. அதை முடிப்பதற்குள் தயிர்சாதம் விழுந்தது.

எதிர் மரத்தடியில் இன்னொரு சிவப்புக் கோட்டு ஜமுக்காளம் கிடந்தது. அதில் அவள் கணவன் தனசேகரும், அவளுடைய இடத்தில் பச்சைச் சேலை கட்டிய ஒருத்தியும் இருந்தார்கள். தனசேகர் தயிர்சாதத்தில் கிடந்த மிளகாயைப் பொறுக்கி எறிந்துவிட்டுத் தட்டை அவளிடம் நீட்டினான். கல்யாணமான நாளிலிருந்து கோமளாவுக்கு அவன் ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்ததில்லை. கூப்பிடலாம் என்றால் வாய் நிறையச் சோறு. பச்சைச் சேலைக்காரி இவளை ஏறிட்டுப் பார்த்தாள். அவளும் திருதிருவென்றுதான் விழித்தாள். பிறகு, முடித்துவிட்டு வருகிறேன் என்பதுபோல இடது கையைக் காட்டிவிட்டுக் குனிந்துகொண்டாள். அவசரப்படாமல் சாப்பிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா, அண்ணி?" என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்.

போதும் என்று சொல்லத்தான் கோமளா நினைத்தாள். தட்டை நீட்டினாள்.