வரியைக் குறைக்க ஒரு வழி

“அன்ரி, குறை நினைக்காதேங்கோ. இந்த வருஷம் இதைச் செய்யவே கூடாது!”

நிஷாந்தன் பேனையை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். எதிரே இருந்த ஞானமலர் அசையவில்லை.

“செய்யிறது எண்டு முடிவெடுத்திட்டன், தம்பி. எப்பிடிச் செய்யிறது எண்டு கேக்கத்தான் வந்தனான்.”

பிராங்பேர்ட்டில் வரி ஆலோசகனாகத் தனி அலுவலகம் திறந்த பிறகு, அமெரிக்கக் கணக்கோடு அவனிடம் வந்த முதல் ஆள் இவர்தான். நியூஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் வேலை செய்தவர். கணவர் இறந்த பிறகு தங்கையோடு இருக்க இங்கே வந்தார். இங்கேயும் வேலைக்குப் போகிறார். அமெரிக்காவில் ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்த பணம் இன்னும் அங்கேயே பழைய கணக்கில் கிடக்கிறது. அதை ‘ரோத்’ என்ற புதுக் கணக்குக்கு மாற்றியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

“வடிவாக் கேளுங்கோ. பழைய கணக்கில கிடக்கிறது வரி கட்டாத காசு. ரோத்துக்கு மாத்தினால், மாத்திற தொகை முழுக்க இந்த வருஷ வருமானம் எண்டு அமெரிக்கன் எழுதுவான். ஜெர்மன்காரன் அதை எப்பிடிப் பார்ப்பான் எண்டதில ஆளுக்கொரு கதை. இஞ்சயும் வரி வரும் எண்டு நினைச்சுத்தான் இறங்கவேணும். உங்கட சம்பளத்துக்கு மேல இதுவும் ஏறினால், சேர்த்ததில மூண்டில ஒண்டு போகும். மாத்தினாப் பிறகு ‘ஐயோ, வேண்டாம்’ எண்டு திருப்பவும் ஏலாது.”

“நல்லது ஒண்டும் இல்லையோ?”

“இருக்கு. கணக்குத் தொடங்கி அஞ்சு வருஷம் போனால், எடுக்கேக்க அமெரிக்காவில வரி இல்லை.”

“அதுதான் எனக்கு வேணும். கட்டவேண்டியதை இப்பவே கட்டிப்போட்டு, பிறகு ஒருத்தருக்கும் பதில் சொல்லாமல் இருக்கவேணும்.”

“நீங்கள் பென்சனுக்குப் போங்கோ. வருமானம் குறையேக்க கொஞ்சம் கொஞ்சமாய் மாத்துவம். பொறுங்கோ எண்டுதான் சொல்லுறன்.”

“என்னைப் பொறுக்கச் சொல்லாத ஆள் இந்த ஊரில இல்லை. பொறுத்துப் பொறுத்து அறுபது வந்திட்டுது!”

கதவு திறந்தது. நிஷாந்தனின் அப்பா உருத்திரமூர்த்தி தேநீர்த் தட்டோடு வந்தார். விமான நிலையச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கையில் வருவது சின்னப் பென்சன். மனைவி இறந்த பிறகு வீட்டில் தனியே சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல், மகனின் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறார், தேநீர் போடுகிறார்.

“சீனி போடேல்லை,” என்று ஒரு கோப்பையை ஞானமலரின் முன்னால் வைத்தவர், மகனின் முகத்தைப் பாராமல் வெளியே போனார்.

வந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே சீனியை நிறுத்திவிட்டாரே என்று நிஷாந்தனுக்கு எரிச்சல் வந்தது. ஞானமலரோ ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார்.

“சரி தம்பி, வரியைக் குறைக்க ஒரு வழியும் இல்லையோ?”

நிஷாந்தன் சிரித்தான். “ஒண்டு இருக்கு. டிசம்பர் முடிய முந்தி நீங்கள் கலியாணம் கட்டவேணும்!”

“பகிடியோ?”

“பாதிதான் பகிடி. வருஷக் கடைசியில ஜெர்மன்காரர் ஏன் பதிவுத் திருமணத்துக்கு அடிபடுகினம்? கடைசி நாள் கட்டினாலும் முழு வருஷத்துக்கும் புருசன் பெஞ்சாதிக் கணக்கு. ரெண்டு பேரின்ர வருமானத்தையும் கூட்டி, பாதி பாதியாப் பிரிச்சுத்தான் வரி போடுவினம்.”

“மாப்பிள்ளைக்கு வருமானம் குறைவெண்டால்?”

“அதுதான் அன்ரி நல்லது! சின்னப் பென்சன்காரன் எண்டால் இன்னும் விசேஷம்.”

ஞானமலர் கோப்பையைக் கீழே வைத்தார். “ஒரு ஆள் இருக்கிறார், தம்பி.”

நிஷாந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“பேப்பர் எல்லாம் எடுத்தாச்சு. டிசம்பரில பதிவுக்கு நாளும் நேரமும் கிடைச்சிட்டுது. ஆனால், இந்த வயசில கலியாணமெண்டால் சனம் சிரிக்காதோ?”

அந்த வார்த்தை தன் வாயிலிருந்தே எப்போதோ வந்தது போல் நிஷாந்தனுக்கு ஒரு கணம் பட்டது. அதைத் தள்ளிவிட்டு மேசையில் தட்டினான்.

“சிரிக்கிற சனமோ உங்கட வரியைக் கட்டப்போகுது? உங்கட காசு, உங்கட வாழ்க்கை. துணிஞ்சு செய்யுங்கோ!”

“எங்கள் ரெண்டு பேருக்கும் சம்மதம். மாப்பிள்ளை வீட்டிலதான் ஒரு ஆள் மறிச்சுக்கொண்டு நிக்குது. அந்த ஆள் ஓம் எண்டு சொல்லாமல் கையெழுத்துப் போடமாட்டன் எண்டு இவர் அடம்.”

“ஆர் அந்த விசரன்?” நிஷாந்தனுக்குக் கோபமே வந்துவிட்டது. “என்னட்டக் கூட்டிக்கொண்டு வாங்கோ. எவ்வளவு மிஞ்சும் எண்டு கணக்கைக் காட்டி, நான் ஓம் எண்டு சொல்லவைக்கிறன்.”

“பிறகு கதை மாறமாட்டியளே?”

“நான் சொன்னால் சொன்னதுதான், அன்ரி.”

“நல்லது. இதையும் பிறகு திருப்ப ஏலாது, தம்பி,” என்று எழுந்த ஞானமலர், கதவைத் திறந்து, யாழ்ப்பாணத்துப் பெண்கள் கட்டினவரை மட்டும் கூப்பிடும் குரலில் கூப்பிட்டார்.

“இஞ்சேருங்கோ! உள்ள வாங்கோ, உங்கட மகன் ஓம் எண்டிட்டார்.”