நாத்தனாரின் மேஜைவிரிப்பு

ஜன்னல் வெயில் வெள்ளை மேஜைவிரிப்பில் பட்டுக் கண் கூசுகிறது. பழைய எக்ஸ்ரே தாளில் தானே வெட்டிய இலை அச்சைத் துணிமேல் அழுத்திப் பிடித்து, மொட்டை ப்ரஷ்ஷால் பச்சையை ஒற்றுகிறாள் இவள். அச்சைத் தூக்கும்போதெல்லாம் ஓரம் பிசிறாமல் ஓர் இலை பளிச்சென்று கிடக்கிறது. போன விருந்தில், இவள் வரைந்து கொடுத்த தலையணை உறைகளைத் தன் கைவேலை என்று நாத்தனார் ஊருக்கே காட்டினாள். இவள் வாயைத் திறந்ததும், "இவ ப்ரஷ் கழுவிக் குடுத்தா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. துணிச் சாயக் குப்பிகள் அலமாரியில் மூடி திறக்காமல் இருக்கின்றன. கிண்ணத்தில் இருப்பது மகளின் பள்ளிக்கூட வாட்டர் கலர். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் நிற்காது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. உள்ளே வந்து குனிந்து பார்க்கும் நாத்தனாருக்கு வாயெல்லாம் பல்.

"அசத்திட்டே போ! நாளைக்கு விருந்துக்கு இதைத்தான் விரிக்கப்போறேன். தண்ணி கிண்ணி சிந்தினா ஒண்ணும் ஆகாதே?"

"ஒண்ணும் ஆகாது அண்ணி."

ப்ரஷ்ஷைக் குவளைத் தண்ணீரில் விடுகிறாள். ஒரே முக்கில் பச்சை மொத்தமும் கழன்றுபோகிறது.

"நீங்களே போட்டதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க அண்ணி. நான் ப்ரஷ்தானே கழுவினேன்."